பைரோட் கேஸ் என்று நாங்கள் சொன்னவர்கள்

தினேஷ், கௌரி, இதை உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன். தினேஷ் இப்போது அம்புலன்ஸ் ஓட்டுகிறான். கௌரி கண்டியில் தாதிப் பயிற்சியில் இருக்கிறாள். ஆகவே இதைப் பிள்ளைகளுக்கு அப்பா எழுதியது என்றும் எடுத்துக்கொள்ளலாம், வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வேலையை விட்டுவந்தவன் எழுதியது என்றும் எடுத்துக்கொள்ளலாம். உங்களோடு வேலை செய்யும் மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும். நான் பத்தாம் வகுப்புக்குப் பிறகு வரும் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும்தான் படித்தவன். மருத்துவ விஷயத்தில் பிழை இருந்தால் கௌரி திருத்தட்டும்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. பனிமூட்டத்தில் எந்த விளக்கைப் போடுவது, இறக்கத்தில் எந்தக் கியரில் வருவது, சைரனை எங்கே அடிக்கக் கூடாது, இதையெல்லாம் ரோட்டே சொல்லித் தரும். ரோட் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. பின்னால் படுத்திருக்கும் ஆளுக்கு எவ்வளவு அவசரம் என்று நாமே மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். யாரும் நம்மைக் கேட்பதில்லை. ஆனாலும் முடிவுசெய்துவிடுகிறோம். அந்த முடிவு நம் காலில் இறங்கி அக்சிலேட்டரில் உட்கார்ந்துகொள்கிறது.

எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த முடிவுக்கு ஒரு பெயரே இருந்தது. பைரோட் கேஸ்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்கிறேன். நான் வேலை செய்தது ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கம் போகிற ரோட்டில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி. இரண்டு வார்டு, இரண்டு டொக்டர், ஒரு அம்புலன்ஸ். அதை ஓட்டியது நான். நெஞ்சு வலி என்று வந்தால் முதல் மருந்தைக் கொடுத்துக் கீழே மாத்தளை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஒரு தடவை ஊழியர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு டொக்டர் பலகையில் இருதயத்தைக் கீறிக் காட்டினார். உடம்புக்கெல்லாம் இரத்தம் அனுப்பும் இருதயத்துக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுபோக அதன் மேலேயே சில குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்தால், பக்கத்தில் இருக்கும் மயிர் மாதிரியான சின்னக் குழாய்கள் விரிந்து, சுற்றி வந்து இரத்தம் கொடுக்கும். இயற்கை தானே போட்டுக்கொள்ளும் பைபாஸ் என்றார். சில வயதானவர்களுக்குப் பெரிய குழாயே அடைத்திருந்தும் ஆள் தப்பிக்கொள்வது இதனால்தானாம். வாலிபனுக்குத் திடீரென்று அடைத்தால் இப்படி முன்னேற்பாடு எதுவும் இருக்காது, அடி பலமாக விழும்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. தேநீருக்குப் பிறகு மீதியைச் சொல்வதாக இருந்தார். அதற்குள் எங்களுக்கு ஒரு பிரசவக் கேஸ் வந்துவிட்டது, நானும் நசீர் நானாவும் வண்டியோடு போய்விட்டோம். நசீர் நானா எங்கள் அட்டெண்டன். மாத்தளை டவுன்காரர், என்னைவிட மூத்தவர், எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன், எதற்கும் ஒரு பெயர் வைக்காமல் விடமாட்டார்.

“வெளங்கினதா செல்வம்?” என்றார் வண்டியில். “வயசான இருதயத்துக்கு அல்லாஹ் பைரோட் போட்டுக் குடுத்திருக்கான். மெயின் ரோட் அடைச்சாலும் ஆள் சுத்தி வந்துருவாரு. வாலிபப் பயலுக்குத்தான் ஒரே ரோட்.”

அன்றிலிருந்து வயதானவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் எங்களுக்குள் பைரோட் கேஸ். இளம் ஆள் வந்தால் மெயின்ரோட் கேஸ். மெயின்ரோட் என்றால் நசீர் நானா ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு ஓடுவார். பைரோட் என்றால் முதலில் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவார். வேண்டுமென்றே யாரும் தாமதித்ததில்லை. ஆனால் ஓடுகிறவனுக்கும் நடக்கிறவனுக்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா, அவ்வளவுதான்.

இனி ராமாயி அம்மாவின் விஷயம்.

மழைக்காலத்து ஒரு காலை. மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர் ராமாயி அம்மா. எழுபதைத் தாண்டிய ஆள், சீனி வருத்தமும், அதாவது நீரிழிவும், உண்டு. மருமகள் புஷ்பம் திரீவீலரில் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளும் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள்தான். கிழவி நெஞ்சு வலி என்று சொல்லவே இல்லை. விடிந்ததிலிருந்து வேர்க்கிறது, குமட்டுகிறது, தோள்பட்டை இழுக்கிறது, இவ்வளவுதான் சொன்னார்.

“வாயுங்க டொக்டர். நேத்து இவ வச்ச பலாக்கொட்டைக் கறி.”

“பாத்தீங்களா? நெஞ்சு நிக்கிற நேரத்துலயும் இதுக்கு என் கறியத்தான் குத்தம் சொல்லணும்” என்றாள் புஷ்பம்.

“உப்பு நல்லா போட்டிருந்தா நான் ஏன் சொல்றேன்.”

அப்போது டியூட்டியில் இருந்த டொக்டர் ஓர் இளம் பெண். பெயரை எழுதவில்லை, எழுதினால் கோபிப்பார். நாவுல என்ற ஊர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், சிங்களவர். தமிழை வார்டில் நோயாளிகளிடமே கேட்டுப் படித்தவர். என் வயதில் பாதிதான் இருக்கும். ஆனால் இந்த வேலையில் யாரிடம் பாடம் படித்தாய் என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன். ஈசிஜி தாளைப் பார்த்ததும் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பெரிய அடைப்பு. மாத்தளையில் இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட வேண்டும், அது எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு இருதயம் மிஞ்சும். மற்ற டொக்டரிடம் வார்டை ஒப்படைத்துவிட்டுத் தானே வண்டியில் ஏறினார்.

நசீர் நானா கதவைச் சாத்திக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார். “பைரோட்.”

பாதித் தூரம் இறங்கியிருப்போம். ஒரு வளைவில் ஆட்கள் கூடி நின்றார்கள். அதற்கு அப்பால் ரோட் இல்லை. மண்ணும் ஒரு பெரிய மரமும் ஒன்றாக இறங்கி ரோட்டை மூடியிருந்தன. மரக்கறி லொறி ஒன்று, ஒரு பஸ், ஒரு வேன் நின்றன. ரோட் வேலைக்காரர் ஒருவர் சிவப்புக் கொடியோடு வந்து, மண் அள்ளும் பெக்கோ இப்போது வந்துவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். கூட்டத்தில் எல்லோருமே அதைத்தான் சொன்னார்கள். பெக்கோ வருது. பெக்கோ வருது.

பின்னால் போய்ச் சொன்னேன். டொக்டர் ராமாயி அம்மாவின் கையைப் பிடித்தபடி மொனிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலி எப்புடி இப்ப?”

“கொறைஞ்சிருச்சுங்க டொக்டர். நான்தான் சொன்னேனே. நீங்க எல்லாரும் மழையில நனையாம உள்ள ஏறி ஒக்காருங்க.”

முகம் மட்டும் சாம்பல் நிறமாகத்தான் இருந்தது.

நசீர் நானா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவர் கெட்டவர் இல்லை, டொக்டருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். “பயப்படாதீங்க டொக்டர். வயசான ஆள். இவங்களுக்கு இருதயத்துல பைரோட் வந்திருக்கும். வாலிபப் பயலுன்டாதான் பயம். பெக்கோ வரும் வரைக்கும் தாங்கும்.”

புஷ்பமும் கூடச் சேர்ந்துகொண்டாள். “ஆமாங்க டொக்டர். எத்தனை வருஷம் மலை ஏறி எறங்குன ஒடம்பு. எங்க மாமி தோட்டத்துலயே மொத ஆளா கூடைய நெரப்பும். அதோட நெஞ்சு இரும்புங்க.”

“இப்பதான் ஒரு நல்ல வார்த்த சொல்றா” என்றார் ராமாயி அம்மா.

டொக்டர் நசீர் நானாவைப் பார்த்தார். கோபம் இல்லை. “நானா, அந்த சின்னக் குழாய் இருக்குன்னு நீங்க பாத்தீங்களா?”

“இல்ல... பாக்க ஏலாது தானே.”

“நானும் பாக்கல்ல. கண்டியில சாயம் அனுப்பிப் படம் எடுத்தாத்தான் தெரியும். இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். தெரியாத ஒன்ன நம்பி நான் இவங்கள இங்க வச்சிட்டு இருக்க ஏலாது.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “செல்வம் அண்ணா, உண்மையச் சொல்லுங்க. பெக்கோ எப்ப வரும்?”

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ரோட் விஷயத்தில் என்னைத்தான் கேட்பார்கள். இப்ப வந்துரும் டொக்டர் என்று சொல்வது மிகவும் சுலபம். கேட்கிறவருக்கும் அது இனிக்கும். வண்டிக்குள் மெஷின் இருக்கிறது, ஒக்சிஜன் இருக்கிறது, நோயாளி அமைதியாகப் படுத்திருக்கிறார், மழை பெய்கிறது. காத்திருக்க எல்லாமே வசதியாக இருந்தது.

“தெரியாது டொக்டர்” என்றேன். “ஆக்கள் வரும்னு சொல்றாங்க. எங்கேயிருந்து வருதுன்னு ஒருத்தருக்கும் தெரியல்ல.”

அவர் தலையை ஆட்டினார். “வேற பாதை?”

எனக்கு உடனே ஒரு பாதை நினைவு வந்தது. மேலே திரும்பிப்போனால் தோட்டத்துக்குள் ஒரு பழைய லொறி ரோட் பிரியும். சுற்றிக்கொண்டு போய் கீழே தார் ரோட்டில் விழும். முன்பு ஒரு வெள்ளத்தின்போது அந்த வழியாக ஒரு பிரசவக் கேஸைக் கொண்டுபோயிருக்கிறேன். என் கை ஸ்டியரிங்குக்குப் போய்விட்டது. அப்புறம்தான், டொக்டர் நசீர் நானாவிடம் கேட்ட கேள்வி எனக்கும் பொருந்தும் என்று பட்டது. நீ பார்த்தாயா? பார்த்தேன், அது எப்போதோ. இறங்கிப் போய், கூட்டத்தில் நின்ற அந்தத் தோட்டத்துக் கங்காணியைக் கேட்டேன்.

“அந்த ரோட்டா?” என்று சிரித்தார். “லொறி நின்னு எத்தன வருஷமாச்சு. மானாப்புல்லு ஆளு ஒயரத்துக்கு நிக்குது. சின்னப் பாலம் போன மழைக்கே போயிருச்சு. போனீங்கன்னா திருப்ப எடமும் இல்ல, அங்கேயே குடி இருக்க வேண்டியதுதான்.”

கேட்காமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் சில நேரம் நினைப்பதுண்டு.

வழியைச் சொன்னது புஷ்பம்தான். இவ்வளவு நேரமும் கதவருகில் நின்றுகொண்டு மழையைத் திட்டிக்கொண்டிருந்தவள், “டைவர் அண்ணே, வண்டி போற ரோட்டத்தான் தேடுறீங்களா?” என்றாள். “நாங்க கொழுந்து நிறுக்க எறங்குற குறுக்குப் பாதை அந்தா இருக்கு. நேரா கீழ் வளைவுல போயி விழும். தெனமும் முப்பது பொம்பளைங்க தலையில பாரத்தோட எறங்குற பாதை.”

எட்டிப் பார்த்தேன். ரோட் அந்த இடத்தில் மலையைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்குகிறது. குறுக்குப் பாதை தேயிலைக்கு நடுவே, சரிந்த பக்கத்துக்கு மறுபக்கத்துத் தோளில் இறங்கியது. படி வெட்டியிருந்தார்கள். பக்கத்து வடிகால் கானில் தண்ணீர் தெளிவாக ஓடியது. மண் கரைந்து வரவில்லை. கால் வைக்கலாம் என்று தோன்றியது. மண்சரிவுக்கு அப்பால் இருக்கும் கீழ் வளைவுக்கு மாத்தளையிலிருந்து வேறொரு வண்டியை வரச்சொன்னால் போதும்.

டொக்டரிடம் சொன்னேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. ஏன் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. வண்டிக்குள் இருந்தால் இருதயம் நின்றாலும் ஷொக் கொடுக்கும் மெஷின் இருக்கிறது. ஆனால் வண்டி நகராது. பாதையில் இறங்கினால் ஊசிக்குக் கிட்டே போகலாம். ஆனால் நடு வழியில் ஏதும் ஆனால் அவருடைய இரண்டு கை மட்டும்தான். அங்கே நின்ற எல்லோருக்கும் அபிப்பிராயம் இருந்தது. பழி மட்டும் அவருக்கு. காத்திருந்து ஏதும் நடந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்லமாட்டார்கள், ரோட்டைத்தான் சொல்வார்கள். இறங்கிப் போய் ஏதும் நடந்தால் அவரைத்தான் சொல்வார்கள். அதையும் அவர் யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன். மொனிட்டரை இன்னொரு தடவை பார்த்தார்.

“போவோம்” என்றார். “ஆனா இவங்க ஒரு அடியும் நடக்கக் கூடாது.”

நான் சிக்னல் கிடைக்கும் மேல் வளைவுக்கு ஓடி மாத்தளைக்குப் பேசினேன். கீழ் வளைவுக்கு வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். ஸ்ட்ரெச்சர் அந்தப் படிகளில் இறங்காது. கங்காணி தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் பக்கத்து லயத்திலிருந்து கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தருவித்தார். இரண்டு பக்கமும் கம்பு வைத்துக் கயிற்றால் இறுக்கினார்கள். லயத்து இளைஞர்கள் நான்கு பேர் முன்வந்தார்கள்.

ராமாயி அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “எதுக்கு இந்தக் கூத்து? நேத்து கூட இந்தப் பாதையிலதான் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். வலியும் இல்ல. நடந்தே எறங்கிருவேன். அந்தப் பயலுகளுக்கு எதுக்குக் கஷ்டம்.”

“அம்மா, நேத்து நேத்துதான்” என்றார் டொக்டர். “இன்னைக்கு ஒக்காருங்க.”

கம்பளியால் சுற்றி உட்காரவைத்தோம். தூக்கியதும் கிழவி நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு, “எங் கல்யாணத்துக்குக்கூட என்னைய இப்படித் தூக்கலடி” என்று புஷ்பத்திடம் சொன்னார்.

“மாமா தப்பிச்சாரு” என்றாள் அவள்.

முன்னால் கங்காணி, பின்னால் நாற்காலி, பக்கத்தில் டொக்டர், சின்ன ஒக்சிஜன் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு நசீர் நானா, கடைசியில் மருந்துப் பையோடு நான். மழையில் படி வழுக்கியது. டொக்டர் செருப்பைக் கழற்றி என் பையில் திணித்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினார். அட்டை ஏறும் என்று யாரோ சொன்னார்கள், ஏறட்டும் என்றார்.

பாதி வழியில் ராமாயி அம்மாவின் பேச்சு நின்றது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டொக்டர் கையை உயர்த்தினார், நாற்காலியை ஒரு படியில் வைத்தார்கள். கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அதுவரை வாய் ஓயாமல் பேசிய புஷ்பம் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். நசீர் நானா ஏதோ ஓதினார். தூக்கியவர்களில் ஒரு பையன், திரும்ப மேலேயே போவோமா டொக்டர் என்று கேட்டான்.

“துடிப்பு இருக்கு. மெதுவா இருக்கு” என்றார் அவர். “மேல போறதுக்கு ஒன்னும் இல்ல. தூக்குங்க.”

தூக்கினார்கள். இன்னும் கொஞ்சம் இறங்கியதும் ராமாயி அம்மா வாந்தி எடுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். அழுதுகொண்டே கூட வந்த மருமகளைப் பார்த்தார்.

“எதுக்கு அழுவுற? அடுப்புல ஏதும் வச்சிட்டு வந்திட்டியா?”

கீழ் வளைவில் மாத்தளை வண்டி நிற்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மிக நீளமாகத் தெரிந்தது. ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே நாற்காலியை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். பிறகு சைரன் கேட்டது. டொக்டர் வெறுங்காலோடு அந்த வண்டியில் ஏறினார். கதவைச் சாத்தும்போது செருப்பைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

நாங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்ப மேலே ஏறினோம். மேலே வந்தபோது லொறியும் பஸ்ஸும் அப்படியே நின்றன. பெக்கோ வரவில்லை. அது பின்னேரம்தான் வந்தது.

ராமாயி அம்மாவுக்கு ஊசி போட்டார்கள். பிழைத்தார். பிறகு கண்டிக்கு அனுப்பி, சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். டொக்டர் அந்த முடிவைக் கேட்டு வைத்திருந்தார். ஒரு நாள் தேநீர் நேரத்தில் நசீர் நானாவே தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“டொக்டர், அந்தம்மாவுக்கு... பைரோட் இருந்திச்சா?”

“நூல் மாதிரி ஒன்னு ரெண்டு. அதுல வந்த இரத்தம் போதாது. காத்துட்டு இருந்திருந்தா இருதயத்துல நெறைய போயிருக்கும்.”

அன்றைக்குத்தான் நாங்கள் தேநீருக்குப் பிறகு கேட்காமல் விட்ட பாதியைக் கேட்டோம். அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். அந்தச் சின்னக் குழாய்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை, சிலருக்குப் பிறப்பிலேயே நிறைய, சிலருக்குக் குறைய. அடைப்பு மெதுவாக வந்தால் அவை விரிய நேரம் கிடைக்கும், அது உண்மை. ஆனால் விரிவதும் புதிதாக வளர்வதும் உடம்பு செய்யும் ஒரு வேலை. மற்ற வேலைகளைப் போலவே வயது போகப் போக உடம்பு அதையும் மெதுவாகத்தான் செய்யும். குழாயின் உள்தோல் இறுகும். இருந்த சின்னக் குழாய்களிலும் சில மெலிந்து மூடிப்போகும். சீனி வருத்தம் அதை இன்னும் கெடுக்கும். ஆகவே வயதானவருக்கு வருஷம் கூட இருந்திருக்கிறது, கட்டுகிற பலம் குறைந்திருக்கிறது. இரண்டில் எது வென்றது என்று வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்றும் சொன்னார். வயதானவர்களுக்கும் சீனி உள்ளவர்களுக்கும் வலி குறைவாகவே தெரியும். வலி குறைவு என்றால் சேதம் குறைவு என்று அர்த்தம் இல்லை.

நான் கெட்டிக்காரத்தனமாக ஒன்றைச் சொன்னேன். “அப்ப டொக்டர், இதுவும் அந்தத் தோட்டத்து லொறி ரோட் மாதிரித்தான். பாவிக்காம விட்டா மூடிரும். கொழுந்துப் பாதை தெனம் நடக்கிறதால இருக்கு.”

அவர் சிரித்தார். “நடக்கிறது நல்லதுதான் அண்ணா, நடங்க. ஆனா இருதயம் ரோட் இல்ல. ரோட்டுன்னு நெனச்சதாலதான் நீங்க எல்லாரும் பைரோட்டுன்னு ஒரு பேர் வச்சீங்க. பேர் வச்சதும் அது அங்க இருக்குன்னு நம்பிட்டீங்க. வெளங்கிக்கிறதுக்கு அது போதும். முடிவு எடுக்கிறதுக்குப் போதாது.”

எனக்கு அதுதான் பாடம். நோயைப் பற்றி யாராவது உங்களுக்கு லேசாக விளங்கும்படி ஒரு உதாரணம் சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த உதாரணத்தை வண்டியில் ஏற்றாதீர்கள்.

நியாயமாக இன்னொன்றையும் எழுத வேண்டும். ஓரிரண்டு வருஷம் கழித்து உக்குவளைப் பக்கத்து வயதான வியாபாரி ஒருவர், உறவுக்காரர் வீட்டுக்கு வந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்று எங்களிடம் நடந்தே வந்தார். ஓட்டமாக ஓடி மாத்தளைக்குக் கொண்டுபோனோம். பிறகு படம் எடுத்தபோது, பெரிய குழாய் ஒன்று எப்போதோ முழுக்க அடைத்துப்போயிருந்ததாம், சின்னக் குழாய்கள் வலை மாதிரிப் பின்னி வேலையைச் செய்துகொண்டிருந்தனவாம். நசீர் நானா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். முன்பென்றால், நான் சொன்னேனே என்று குதித்திருப்பார். அன்றைக்கு, “நல்ல காலம் நாம வயசப் பாக்காம ஓடினது” என்று மட்டும் சொன்னார். பைரோட் கேஸ் என்ற சொல் எங்கள் வண்டியில் எப்போது நின்றது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. யாரும் தடை செய்யவில்லை. ஸ்ட்ரெச்சரோடு ஓடுகிறவருக்கு அதைச் சொல்ல நேரம் இல்லாமல் போய்விட்டது.

ராமாயி அம்மா அதன் பிறகு சில வருஷம் இருந்தார். இருதயம் பழையபடி வரவில்லை. மலை ஏற மூச்சு விடாது. கோயிலுக்குப் போக முடியவில்லை என்பதைவிட, வீட்டில் உட்கார்ந்து புஷ்பத்தின் கறியை மூன்று நேரமும் சாப்பிட வேண்டியிருக்கிறது என்பதுதான் அவருக்குக் குறை. கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள்.

இவ்வளவையும் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் பஸ்ஸை விட்டு இறங்கி மரக்கறிப் பையோடு நம் ஏற்றத்தில் வந்தபோது பாதியில் நெஞ்சில் ஒரு இறுக்கம். வலி என்று சொல்ல முடியாது. பையை வைத்துவிட்டு மதில் ஓரமாக உட்கார்ந்தேன். கொஞ்சத்தில் போய்விட்டது. அந்தப் பக்கம் தன் திரீவீலரில் வந்த அடுத்த வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். “ஒன்னும் இல்ல, வாயு. தெனம் ஏறி எறங்குற ரோட்தானே” என்றேன். சொல்லி முடிக்கும்போதே அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்குப் போகாமல் திரும்பி இறங்கி கிளினிக்குக்குப் போனேன். அவருடைய திரீவீலரில்தான் போனேன், நடக்கவில்லை. மருந்து தந்திருக்கிறார்கள். கண்டியில் எனக்கும் சாயம் ஏற்றிப் படம் எடுக்க வேண்டுமாம். அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்கு ஃபோனில் சொன்னால் நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவீர்கள், அதனால் எழுதுகிறேன். என் சின்னக் குழாய்கள் எப்படி இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. டொக்டருக்கும் இப்போதைக்குத் தெரியாது.

கௌரி, படத்தில் என்ன வந்தாலும் எனக்கு அப்படியே சொல், இனிப்பாக்கிச் சொல்லாதே.

தினேஷ், ஒரு நாள் உன் வண்டியில் பின்னால் நான் படுத்திருக்க வேண்டி வரலாம். மழை பெய்யலாம். முன்னால் ரோட் இல்லாமல் இருக்கலாம். வலி குறைந்துவிட்டது, நான் தாங்குவேன், பெக்கோ வரட்டும் மகன் என்று நான் உன்னிடம் சொல்வேன். என்னை எனக்குத் தெரியும், நிச்சயமாகச் சொல்வேன். நீ எனக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதே. பக்கத்து லயத்தில் போய் நாற்காலியைக் கேள்.